பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்தித் திட்டுகளும் சுற்றுலாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே பிச்சாவரம். காவிரி டெல்டாவின் தென்கோடியில், பாமணியாறும் கோரையாறும் வந்து அடங்கும் இடத்தில் முத்துப்பேட்டை. இரண்டிலும் படகில் போய்ப் பார்ப்பது, ஆறு கொண்டுவந்த வண்டலின் மேல் மரங்கள் வேர்பிடித்து நிற்கும் சின்னஞ்சிறு தீவுகளை. ஊர்வழக்கில் திட்டு. பார்க்க வருபவர்கள், படகு ஓட்டுபவர்கள், கரையில் கடையும் விடுதியும் நடத்துபவர்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள் அடிக்கடி கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

இந்தத் திட்டுகள் மற்ற தீவுகளைப் போன்றவைதானே? ஏன் இத்தனை கவனம்?

இவற்றுக்கு அடியில் பாறை இல்லை, பவளமும் இல்லை. வண்டலும் களியும்தான். அதைப் பிடித்து வைத்திருப்பவை வேர்கள். பிச்சாவரத்தில் இப்படி 51 திட்டுகள் கணக்கிடப்பட்டுள்ளன. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது அறிவிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,478 ஹெக்டேர். முத்துப்பேட்டைக் காடு இதைவிடப் பல மடங்கு பெரியது. கோடியக்கரையை மையமாகக் கொண்டு 2002-இல் அறிவிக்கப்பட்ட ராம்சார் பகுதியோடு சேர்ந்தது.

கடல்நீரின் ஏற்ற வற்றத்துக்கு இடையே நீர்மட்டம் மாறுவது இங்கே ஒரு மீட்டருக்குள்தான். முத்துப்பேட்டையில் இன்னும் குறைவு. காடு முழுவதும் பிழைப்பது அந்தச் சிறிய ஏற்ற இறக்கத்தால். அதனால் தரைமட்டம் ஒரு சாண் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அங்கே எந்த மரம் நிற்கும் என்பது மாறிவிடும். பாறைத் தீவில் ஒரு படகுத்துறை கட்டினால் பாறைக்கு ஒன்றும் ஆகாது. இங்கே கட்டினால் நீர் ஓடும் வழி மாறி, ஒரு பக்கம் சேறு ஏறும், மறுபக்கம் கரை கரையும்.

சுற்றுலாவால் வரும் பெரிய சேதம் பிளாஸ்டிக்தானா?

கண்ணில் படுவது பிளாஸ்டிக். ஆனால் எங்கள் கணிப்பில் முதலிடம் மோட்டார் படகு எழுப்பும் அலைக்குத்தான். யாரும் புகார் சொல்லாததால் அது கவனத்துக்கே வருவதில்லை.

பிச்சாவரத்தில் வாய்க்கால் ஓரமாக நிற்பது பெரும்பாலும் சுரபுன்னை. வளைந்த தாங்கு வேர்கள் நீரில் ஊன்றியிருக்கும், படம் எடுக்க அழகான மரம். பார்வையாளர்கள் காடு முழுக்க அதுதான் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது கரையோரத்தில் சில மீட்டர் அகலமுள்ள ஒரு வரிசை மட்டுமே. அதற்குப் பின்னால் உள்ளே விரிவது வெண்கண்டல் காடு. படகின் அலை வந்து மோதுவது அந்த ஒற்றை வரிசையின் காலடியில். ஒவ்வோர் அலையும் வேருக்கு இடையிலுள்ள களியைச் சிறிது கரைத்துக்கொண்டு போகும். அலையின் உயரம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். அகன்ற காயலில் அந்த அலை கரை சேர்வதற்குள் ஓரளவு அடங்கிவிடும். பத்துப் பதினைந்து மீட்டர் அகல வாய்க்காலில் அடங்க இடமே இல்லை, இரு கரைக்கும் இடையே மாறி மாறி மோதும். இயற்கையான அலை அதிகம் புகாத உள்வாய்க்கால் என்பதால் அந்தக் கரைகள் இப்படிப்பட்ட அடிக்குப் பழகியவை அல்ல.

அடையாளம் எளிது. கரையின் கீழ்விளிம்பு குடைந்து மேல்மண் கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும். தாங்கு வேரின் நுனி சேற்றைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும். அடுத்த மழையில் மரம் வாய்க்காலுக்குள் சாயும்.

அப்படியானால் மோட்டார் படகு எந்த வேகத்தில் போகலாம்?

குறுகிய வாய்க்காலில் ஆள் நடக்கும் வேகம், அதாவது மணிக்கு 5 முதல் 6 கிலோமீட்டர். ஆறு மீட்டர் நீளமுள்ள படகு மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டரில் ஓடும்போதுதான் மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்புறம் அமுங்கி, மிகப் பெரிய அலையை எழுப்பும். "நான் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்" என்று சொல்பவர்களில் பலர் இந்த நடுவேகத்தில்தான் இருப்பார்கள். படகில் வேகமானி இல்லையென்றால் பின்னால் திரும்பிப் பாருங்கள். அலையின் தலையில் வெள்ளை நுரை தெரிந்தால் வேகம் அதிகம். தண்ணீர் பழுப்பாகப் புரண்டு வந்தால் எஞ்சினின் சுழலி (புரொப்பெல்லர்) அடிச்சேற்றைக் கிளறுகிறது என்று பொருள். வேகத்தைக் குறைப்பது போதாது, அந்த வாய்க்காலில் அந்த நேரத்தில் மோட்டாரே கூடாது.

ஆட்களை ஏற்றுவதிலும் கவனம் வேண்டும். எல்லோரும் பின்புறம் உட்கார்ந்தால் அதே வேகத்தில் அலை பெரிதாகும். எடையை முன்பின்னாகப் பரப்பி உட்கார வையுங்கள். வேர்க்குகை போல வளைந்திருக்கும் உள்வாய்க்கால்களுக்குத் துடுப்புப் படகு மட்டும் என்று வைப்பதே சரி.

மின்சாரப் படகு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

எண்ணெயும் சத்தமும் தீரும். அலை தீராது. அலை எழுவது படகின் அடிவடிவம், எடை, வேகம் ஆகியவற்றால். உள்ளே எரிவது பெட்ரோலா மின்கலமா என்பது தண்ணீருக்குத் தெரியாது. மின்கலம் கனமானது என்பதால் படகு இன்னும் அமுங்கி அலை கூடவும் செய்யலாம். சத்தமில்லை என்பதால் வேகமாக ஓட்டுகிறோம் என்ற உணர்வும் ஓட்டுபவருக்கு வராது. வேகக் கட்டுப்பாட்டை முதலில் கொண்டுவந்துவிட்டு மின்சாரத்துக்கு மாறுவது நல்லது.

எஞ்சின் எண்ணெய் எவ்வளவு கெடுதல்?

பழைய இரு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின்களில் ஊற்றும் எரிபொருளில் கால்பங்கு வரை எரியாமலேயே தண்ணீரில் கலந்துவிடும். நான்கு வீச்சு எஞ்சினில் இந்த இழப்பு மிகக் குறைவு. வெண்கண்டலின் மூச்சுவேர்களிலும் சுரபுன்னையின் தாங்கு வேர்களிலும் காற்றை இழுக்கும் நுண்துளைகள் உண்டு. எண்ணெய்ப் படலம் ஏற்றத்தில் மிதந்து வந்து, வற்றத்தில் வேர்மேல் பூசிக்கொண்டு தங்கும். துளை அடைபட்டால் சேற்றுக்குள் இருக்கும் வேர் மூச்சின்றிச் சாகும்.

படகடியில் தேங்கும் எண்ணெய் கலந்த நீரை வாய்க்காலில் இறைத்து ஊற்றுவதுதான் அன்றாடம் நடக்கும் தவறு. பழைய பருத்தித் துணியையோ தேங்காய் நார்க் கட்டையோ படகடியில் போட்டு எண்ணெயை உறிஞ்சவிட்டு, பிறகு நீரை இறையுங்கள். ஊறிய துணியைத் தனி டின்னில் சேர்த்துப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். எரிபொருள் நிரப்புவது கரையில், புனல் வைத்து. பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி எண்ணெயைக் "கரைப்பது" கண்ணுக்கு மறைப்பதே தவிர, மீன்குஞ்சுக்கு இன்னும் கேடு.

திட்டில் இறங்கி நடக்கலாமா? சேற்றில் கால் வைத்தால் என்ன ஆகிவிடும்?

இறங்க வேண்டாம். சேற்றிலிருந்து பென்சில் போல நீட்டிக்கொண்டிருப்பவை காய்ந்த குச்சிகள் இல்லை, வெண்கண்டலின் மூச்சுவேர்கள். ஒரு சாண் உயரம்கூட இருக்காது. ஒரு மரத்துக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒருவர் நடந்தால் சில பத்து ஒடியும், மரம் தாங்கிக்கொள்ளும். ஒரு நாளில் இருநூறு பேர் அதே தடத்தில் நடந்தால் தடம் இறுகும், நீர் தேங்கும், தேங்கிய நீர் வெயிலில் வற்றி உப்பேறும், விழுந்த விதை அங்கே முளைக்காது. மக்கள் வராமல் போன பிறகும் அந்த வழுக்கை வெகுகாலம் அப்படியே கிடக்கும்.

இன்னொரு காரணம் தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த அதே மரம்தான். கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகப் பார்வை இழப்பும் வரும். பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல் நல்ல தண்ணீரால் கால்மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். படத்துக்காகக் கிளையைப் பிடித்து இழுக்கும் பழக்கத்தை விடுவதற்கு இது ஒன்றே போதும்.

சேறு அழுகிய முட்டை போல நாறுகிறதே, சாக்கடை கலக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. காற்றுப் புகாத கருஞ்சேற்றில் இலைதழை மட்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வருவது இயல்பு. வற்றத்தில் நாற்றம் கூடும், ஏற்றத்தில் அடங்கும். சாக்கடை கலந்தால் அடையாளம் வேறு: வேர்களில் பச்சைப் பாசி நூல்நூலாகப் படரும், கரையோரம் பழுப்பு நுரை நிற்கும், மலநாற்றம் ஏற்றத்திலும் இருக்கும்.

பிளாஸ்டிக்கை எப்படி எடுப்பது? தூய்மைப் பணி என்று கூட்டமாக வரலாமா?

கூட்டமாக வந்து சேற்றில் இறங்குவதைவிட வராமல் இருப்பது மேல். நல்லெண்ணத்தோடு வரும் ஐம்பது பேர் ஒரு காலையில் மிதிக்கும் மூச்சுவேர்கள், அவர்கள் எடுக்கும் பைகளைவிட அதிகக் கேடு.

சரியான முறை இது. வற்றம் தொடங்கி பாதி இறங்கிய நேரத்தில் துடுப்புப் படகில் இரண்டு மூன்று பேர். நுனி மழுங்கிய கொக்கி பொருத்திய மூங்கில் கழியால் படகில் இருந்தபடியே எடுக்க வேண்டும். முதலில் மெல்லிய கேரி பைகளையும் பாக்கெட்டுகளையும் எடுங்கள். மூச்சுவேரின் மேல் உறைபோல் போர்த்தி மூச்சை அடைப்பவை அவைதான். புட்டி மிதக்கும், பிறகு எடுக்கலாம். நைலான் வலை பாதி புதைந்து கிடந்தால் இழுக்காதீர்கள்; வேரோடு பெயர்ந்து வரும். சேற்று மட்டத்தில் கத்தரித்து மேற்பகுதியை மட்டும் எடுங்கள். மண்வாரி, இரும்புச் சீப்பு எதுவும் வேண்டாம்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. ஆனாலும் தண்ணீர் புட்டியும் தின்பண்டப் பாக்கெட்டும் வருகின்றன. படகுத்துறையில் வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு, திரும்பும்போது காலிப் புட்டியைக் காட்டினால் பணத்தைத் தரும் முறை மலைவாசத்தலங்களில் பழகியதுதான். எண்ணிப் பார்த்துத் திருப்பித் தர ஓர் ஆள் இருந்தால்தான் அது ஓடும். ஆள் இல்லாத நாளில் அது வெறும் பலகை.

படகுத்துறைக் கழிப்பறையில் என்ன தவறு நடக்கிறது?

உறிஞ்சுகுழி. அதன் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உலர்மண் இருந்தால்தான் கழிவு வடிகட்டப்படும். கழிமுகக் கரையில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், அந்த இடைவெளி கிடையாது. குழிக்குள் இருப்பது நேராக வாய்க்காலுக்குப் போகும்.

நீர்புகாத தொட்டி கட்டி லாரியில் எடுத்துச் செல்லலாம் என்றால் கணக்கைப் பாருங்கள். விடுமுறை நாளில் 300 பேர், ஆளுக்கு 6 லிட்டர் என்று வைத்தாலும் 1,800 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி ஆறு நாளில் நிரம்பிவிடும். லாரி ஒரு வாரம் தவறினால் வழியும். ஆகவே முதல் வேலை நீரைக் குறைப்பது. வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தேவை சிறுநீர் கழிப்பிடம் மட்டும்; அதைத் தனியாக, நீர் ஊற்றாத வகையில் அமைத்துத் தனித்தொட்டியில் பிடித்தால் சுமை பாதிக்குமேல் குறையும்.

மலத்துக்கு, தரைமட்டத்துக்கு மேலே இரட்டை அறை கட்டிய மட்குக் கழிப்பறை ஒரு வழி. திருச்சி மாவட்டம் முசிறியில் இது ஊர்ப்பொதுக் கழிப்பறையாகவே நடைமுறைக்கு வந்தது. மலம் ஓர் அறைக்கு, சிறுநீரும் கழுவும் நீரும் தனித்தனி வழியில். ஒவ்வொரு முறையும் ஒரு குவளை சாம்பல். ஓர் அறை நிரம்பியதும் மூடி ஆறு மாதத்துக்கு மேல் மட்கவிட்டு அடுத்ததைத் திறப்பது. கெட்டுப்போவது எங்கே என்றால், பழக்கமில்லாத பயணி மல அறைக்குள்ளேயே தண்ணீரை ஊற்றுவார். ஈரம் ஏறினால் மட்காது, புழு வைக்கும், நாறும். ஆளை நிறுத்தாமல் இந்தக் கழிப்பறையைத் திறக்கக் கூடாது.

விடுதிக்கு ஆழ்துளைக் கிணறு போடலாமா?

கடலோர மணல்மேட்டில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். அதே கணக்கு எதிர்த்திசையிலும் ஓடும்: இறைத்து இறைத்து மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால், காலப்போக்கில் உப்புநீர் 40 அடி மேலே ஏறும். கிணற்றில் தண்ணீர் இருக்கும், குடிக்க முடியாது. பாதிப்பது விடுதியை மட்டுமல்ல, பக்கத்து மீனவர் தெருவின் ஊற்றுக்குழியையும்தான்.

ஆழ்துளை வேண்டாம். ஆழமில்லாத இரண்டு மூன்று உறைகிணறுகளைத் தள்ளித் தள்ளி அமைத்து, ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறையுங்கள். கூரைநீரைத் தொட்டியில் பிடியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் நிறையக் கிடைக்கும். நீச்சல்குளம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கடல் தெரிய வேண்டும் என்று மணல்மேட்டைத் தட்டிச் சமமாக்குவது இன்னும் மோசம்: நன்னீர் தங்கும் இடமும் போகும், அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருந்த மணலும் போகும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் காயலுக்கும் கடலுக்கும் நடுவே திறந்து கிடந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் குடியிருப்பு அழிந்தது, அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. விடுதிக்கு இடம் பார்ப்பவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

படகு தட்டுகிறது, வாய்க்காலைத் தூர்வாரலாமா?

டெல்டாவில் தூர்வாருவது புண்ணியம் என்று பழகியிருக்கிறோம். பாசன வாய்க்காலுக்கு அது சரி. இங்கே அள்ளிய சேற்றைக் கரையிலேயே கொட்டினால் 30 சென்டிமீட்டர் வரப்பு எழும்பிவிடும். மொத்த ஏற்றமே அரை மீட்டர் சொச்சம் என்னும்போது, அந்த வரப்பைத் தாண்டி உள்காட்டுக்கு நீர் போகாது. மழைக்காலத்தில் உள்ளே போன நீர் வெளியே வரவும் முடியாது. பங்குனி வெயிலில் அது வற்றி உப்பாகும். வாய்க்கால் ஆழமானதால் படகும் வேகம் எடுக்கும். படகு தட்டினால் சிறிய படகுக்கு மாறுங்கள், அல்லது ஏற்றத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

மேல்நடைபாதைக்கும் இதே எச்சரிக்கை. மண் நிரப்பிய கரைப்பாதை அணைபோல நீரை மறிக்கும். கால்கள் மேல் நிற்கும் பலகைப்பாதை, 1.2 மீட்டர் அகலம், பலகைகளுக்கு இடையே விரற்கடை இடைவெளி, உச்ச ஏற்றத்துக்கு மேலே தாராள உயரம். அகலம் கூடினால் கீழே வெளிச்சமின்றி நாற்று வராது.

பறவைகளுக்கு எவ்வளவு தூரம் விட வேண்டும்?

கூட்டமாக இரைதேடும் இடத்தில் குறைந்தது 100 மீட்டர். தூரத்தைவிட நடத்தையைப் பாருங்கள்: கொத்துவதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால் அது முதல் எச்சரிக்கை, அப்போதே படகை நிறுத்த வேண்டும். பறந்த பிறகு நிறுத்திப் பயனில்லை. வலசை வந்த உள்ளான் வகைகளுக்குச் சேற்றுவெளி திறந்திருக்கும் வற்றநேரம் மட்டுமே சாப்பாட்டு நேரம்; நாலு முறை கிளப்பினால் அன்றைய இரையில் பெரும்பகுதி போச்சு. காணும் பொங்கல் கூட்டமும் வலசைப் பறவைகளின் உச்சமும் ஒரே மாதத்தில் வருவது இங்குள்ள சிக்கல். அன்று ஒலிபெருக்கியைப் படகில் ஏற்றாமல் இருந்தாலே பாதி நிம்மதி.

கடற்கரை விளக்குகளால் ஆமைக்கு என்ன?

பங்குனி ஆமைகள் தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. ஏறத்தாழ 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். குஞ்சு வெளிச்சமான பக்கம் ஓடும். இயற்கையில் அது கடல். விடுதி விளக்கு எரிந்தால் அது சாலை. ஜனவரி முதல் மே வரை கடல்பக்க விளக்குகளை அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாதவற்றுக்குத் தாழ்வான, மூடியிட்ட, செம்மஞ்சள் விளக்கு.

வந்த நினைவாக அலையாத்தி நாற்று நடலாமா?

பெரும்பாலும் வீண்வேலை. காடு அழிந்த இடத்தில் அழிந்ததற்கான காரணம் இன்னும் அங்கேயே இருக்கும். பிச்சாவரத்தில் பிரிட்டிஷ் காலத்திலிருந்து காட்டைப் பாத்திபாத்தியாக மொட்டையடித்து வெட்டும் முறை நடந்தது. மரம் போனதும் வெயில் பட்ட மண் வறண்டு தாழ்ந்தது, தொட்டிபோல் ஆனது, ஏற்றநீர் தேங்கி ஆவியாகி உப்பு ஏறியது. அந்த உப்பில் எந்த நாற்றும் நிற்காது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து செய்தது, முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஏற்ற வற்ற நீர் வந்துபோக வழிசெய்தது. உப்பு கழுவப்பட்ட பிறகுதான் நடவு. அந்த வாய்க்கால்களில் சேறு படியும், அவ்வப்போது வார வேண்டும். நினைவு நடவுக்குச் செலவாகும் பணத்தை அந்தப் பராமரிப்புக்குக் கொடுத்தால் காடு தானே விதை போட்டுக்கொள்ளும்.

நடவுப் படம் எடுக்க வசதியாக, ஏற்கெனவே நன்றாக இருக்கும் சேற்றுவெளியில் சுரபுன்னைக் காய்களைக் குத்திவைப்பதும் நடக்கிறது. அது பறவைகளின் இரைநிலத்தை எடுத்துக்கொள்வது. காய்களும் பெரும்பாலும் அடுத்த வெள்ளத்தோடு போய்விடும்.

உண்மையைச் சொல்லுங்கள், இந்தக் காட்டுக்குப் பெரிய ஆபத்து சுற்றுலாவா?

இல்லை. நன்னீர்க் குறைவுதான் முதல் ஆபத்து. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஆற்று வெள்ளமும் வண்டலும் கழிமுகத்துக்கு வருவது குறைந்துகொண்டே போகிறது. ஆண்டில் சில வாரங்கள் தவிர பிச்சாவரத்துக்குக் கிடைக்கும் நன்னீர், கான்சாகிப் வாய்க்கால் போன்ற பாசன வடிகால்களின் கழிநீர்தான். அதற்கடுத்து இறால் பண்ணைகள், முகத்துவாரம் மணல்மூடுவது, புயல். 2018 நவம்பர் 16 கஜா முத்துப்பேட்டைக் காட்டைப் பெரிய அளவில் சாய்த்தது.

ஆனால் நன்னீர் இல்லாமல் ஏற்கெனவே தளர்ந்த காட்டில்தான் சுற்றுலா நடக்கிறது. மேட்டூர் மதகைத் திறப்பது படகுத்துறையின் கையில் இல்லை. எஞ்சின் வேகம் இருக்கிறது. படகு ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களுக்குக் காடு இருந்தால்தான் தொழில் என்பதால், மரம் வெட்டுபவரை முதலில் காட்டிக்கொடுப்பவர்களும் அவர்களே. சுற்றுலாவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லாததற்கு அதுவும் காரணம்.

ஒரு நாளைக்கு எத்தனை படகு விடலாம் என்று எப்படிக் கணக்கிடுவது?

மொத்தக் காட்டுக்கு ஓர் எண் சொல்வதில் பொருளில்லை. வாய்க்கால் வாய்க்காலாகப் போடுங்கள். எடுத்துக்காட்டாக 900 மீட்டர் வாய்க்கால், படகுக்குப் படகு 150 மீட்டர் இடைவெளி: ஒரே நேரத்தில் 6 படகு. கடக்க அரைமணி என்றால் மணிக்கு 12. நீர் போதுமான ஆழம் இருக்கும் நேரம் 4 மணி என்றால் நாளுக்கு 48. இது வெறும் இடக்கணக்கு. எதிரெதிரே படகு வரும் வாய்க்கால் என்றால் பாதியாக்குங்கள். பறவை கூடுகட்டும் திட்டு ஓரம் என்றால் அந்த மாதங்களில் பூஜ்யம். கரை குடைவது அளவீட்டில் தெரிந்தால் மேலும் குறையுங்கள். ஞாயிறு வருவாய்க்காக இந்த எண்ணை ஏற்றினால் கணக்குப் போட்டதே வீண்.

மீன்பிடிப்பவர்களுக்கு இடைஞ்சல் உண்டா?

உண்டு. பிச்சாவரத்தை அடுத்த கிள்ளைப் பகுதி இருளர்கள் ஆழமில்லாத நீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்கள் அருகே படகு வேகமாகப் போனால் நீர் கலங்கி இறால் ஓடிவிடும். அலை அவர்கள் கழுத்து உயரத்தில் மோதும். எஞ்சினை அணைத்துத் துடுப்பால் கடக்க வேண்டும். படம் எடுக்குமுன் கேளுங்கள்.

எப்போது வருவது நல்லது?

மார்கழி, தை, மாசி. வாரநாள், காலை, ஏற்றம் நிரம்பும் நேரம். ஏற்றம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். செல்பேசியில் பார்ப்பது கடற்கரை நேரம். உள்வாய்க்காலுக்கு நீர் வந்துசேரத் தாமதமாகும். படகோட்டியைக் கேட்டுக்கொள்வது மேல்.

சட்டம் என்ன சொல்கிறது?

அலையாத்திக் காடு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் முதல் வகைப் பாதுகாப்பில் வருகிறது. 1,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள காட்டைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று 2011, 2019 இரண்டு அறிவிக்கைகளும் சொல்கின்றன. காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும்.

கரை அரிக்கிறதா என்று நாங்களே அளக்க முடியுமா?

முடியும், செலவும் சொற்பம். ஒன்றரை மீட்டர் நீள பி.வி.சி. குழாய்களை வாங்குங்கள், இரும்புக்கம்பி உப்பில் அரித்துவிடும். வற்றத்தில் படகிலிருந்தபடி, செங்குத்தான கரையின் பக்கவாட்டில் கிடையாக அடித்து, 10 சென்டிமீட்டர் மட்டும் வெளியே தெரியவிடுங்கள். 20 மீட்டருக்கு ஒன்றாகப் பத்துக் குழாய். மாதம் ஒருமுறை, ஒரே ஆள், ஒரே அளவுகோலால் வெளியே தெரியும் நீளத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும். 10 சென்டிமீட்டர் 14 ஆனால் அந்த மாதம் 4 சென்டிமீட்டர் கரை போயிருக்கிறது.

படகு போகாத, அதே அகலமுள்ள இன்னொரு வாய்க்காலிலும் பத்துக் குழாய் அடிப்பது கட்டாயம். அது இல்லையென்றால் கரைந்தது படகாலா ஐப்பசி வெள்ளத்தாலா என்று சொல்ல முடியாது. குழாயின் வெளி முனையைப் பளிச்சென்ற நிறத்தில் பூசாதீர்கள். யாராவது பிடுங்கிப் பார்ப்பார்கள். இடத்தை நோட்டில் மரக்குறியோடு வரைந்து வைத்தால் போதும். ஓராண்டு அளவு கையில் சேர்ந்தபின் அதை வனத்துறைக்கும் பேரூராட்சிக்கும் கொடுத்து, வேகத்தையும் படகு எண்ணிக்கையையும் அந்த வாய்க்காலுக்கு மட்டும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மாற்றிய பிறகும் அதே குழாய்களை அடுத்த ஆண்டு முழுக்க அளக்க வேண்டும்.